தாய் இழை

ஊசி மூன்றாவது குத்தில்தான் ஏறியது. முதல் இரண்டு தடவையும் நரம்பு நழுவிப் போய்விட்டது என்றாள் கனகா சிஸ்டர், நான்தான் வேண்டுமென்றே இழுத்துக்கொண்டேன் என்பதுபோல. பிளாஸ்திரியை ஒட்டி, குழாயைத் திருகி, மேலே தொங்கும் பாட்டிலை ஒரு சுண்டு சுண்டிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். சொட்டு விழ ஆரம்பித்தது. மணி பத்து இருபது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு மருந்து, அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கு இன்னொன்று, இரண்டரை மூன்றுக்குள் விட்டுவிடுவார்கள், நாலரைக்குத் திண்டுக்கல் வீடு, ரசம் சாதம், படுக்கை. நான்காவது முறை என்பதால் எல்லாம் பழகிவிட்டது. இந்த நீல நாற்காலியை எவ்வளவு சாய்த்தால் முதுகு வலிக்காது என்று தெரியும், எந்த ஜன்னல் வழியாக எத்தனை மணிக்கு வெயில் காலில் விழும் என்று தெரியும், மருந்துக்கு முன்னால் போடும் அவில் ஊசி எப்போது கண்ணை இழுக்கும் என்றுகூடத் தெரியும். காலையில் வராந்தாவில் நடந்தது மட்டும் பழகாதது. உள்ளே வரும்போது டாக்டர் நிலோஃபர் எதிரே வந்தார். சின்ன வயசுப் பெண். ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்தவர்களுக்கு முடிவை விளக்கிச் சொல்வது அவருடைய வேலை. "டீச்சர், உங்க தங்கச்சிகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். "சொல்லிட்டேன் டாக்டர்" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது. "நல்லது. எப்ப வர்றாங்க?" "பாத்துட்டுச் சொல்றேன்னா." இரண்டு பொய். பத்தொன்பது வருஷமாக பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறவள், ரெக்கார்ட் நோட்டை வீட்டில் மறந்துவிட்டேன் மிஸ் என்று எவனாவது சொன்னால் கண்ணைப் பார்த்தே பிடித்துவிடுகிறவள், ஒரு வராந்தாவில் நின்று இரண்டு பொய் சொன்னேன். பக்கத்தில் என் கணவர் இருதயராஜ் தரையில் ஏதோ தேடுகிறவர்போலக் குனிந்துகொண்டார்.

மூன்று வாரமாகக் கடிதம் கைப்பையில் இருக்கிறது. மடித்த இடத்தில் இப்போது கிழிய ஆரம்பித்திருக்கும். அன்றைக்கு டாக்டர் நிலோஃபர் ஒரு தாளில் கட்டம் கட்டமாக வரைந்து விளக்க ஆரம்பித்தார், நடுவில் நிறுத்தி, "நீங்களே விலங்கியல் டீச்சர்ல, உங்களுக்குப் போய் நான் சொல்றேன் பாருங்க" என்று சிரித்தார், நானும் சிரித்தேன், அந்தச் சிரிப்பு இப்போதும் வாயோரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல இருக்கிறது. பிஆர்சிஏ ஒன்று என்ற மரபணுவில் இரண்டு எழுத்து விடுபட்டிருக்கிறது. அவ்வளவுதான். என் வலது மார்பில் வந்த கட்டிக்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். அம்மா ஐம்பத்து நாலு வயசில் இதே நோயில் போனாள் என்பதால் அம்மாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். "கூடப் பொறந்தவங்க?" என்று கேட்டார். அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். "ஒரு தங்கச்சி." "அவங்களுக்கும் இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு டீச்சர். பொண்ணு இருக்கா அவங்களுக்கு?" இருக்கிறாள். ஷைனி. பத்தொன்பது வயசாகியிருக்கும். கடைசியாக நான் பார்த்தபோது ஏழு வயசுகூட முடியவில்லை, அவள் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்று ஒரு கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை டாக்டரிடம் சொல்லவில்லை. பன்னிரண்டரை வருஷமாக நானும் தங்கச்சி லூர்தும் பேசுவதில்லை என்பதையும் சொல்லவில்லை. "முன்னாடியே தெரிஞ்சா எவ்வளவோ செய்யலாம் டீச்சர், நீங்க ஒரு போன் பண்ணா போதும்" என்று சொல்லி, தங்கச்சியிடம் கொடுக்க அந்தக் கடிதத்தைத் தந்தார். ஒரு போன். இந்த மூன்று வாரத்தில் பால்காரருக்குப் பண்ணியிருக்கிறேன், கேஸ் சிலிண்டருக்குப் பண்ணியிருக்கிறேன், எனக்குப் பதிலாக வகுப்பெடுக்கும் புதுப் பெண்ணுக்குப் பண்ணி ஒரு பாடத்துக்கு இரண்டு பீரியடுக்கு மேல் இழுக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் மாதம். அந்தப் பெண் இப்போது அந்தப் பாடத்துக்குத்தான் வந்திருப்பாள், டிஎன்ஏ இரட்டிப்பாதல். எனக்குப் பிடித்த பாடம், வேறு யாருக்கும் நான் விட்டுக்கொடுக்காத பாடம். பழைய இழைக்குச் சிவப்பு சாக்பீஸ், புதிய இழைக்கு வெள்ளை. முறுக்கின ஏணி மாதிரி இருப்பது முறுக்கு அவிழ்ந்து நடுவில் பிரிகிறது, பிரிந்த ஒவ்வொரு பாதியும் தனக்கு எதிரே ஒரு புதுப் பாதியைக் கட்டிக்கொள்கிறது, ஏ இருந்தால் எதிரே டி, ஜி இருந்தால் எதிரே சி, பழையதைத் தாய் இழை என்றும் புதியதைச் சேய் இழை என்றும் சொல்வோம், எழுதிக்கோங்க. ஒரு செல்லுக்குள் அறுநூறு கோடிக்கும் மேல் எழுத்து. ஒரு முனையில் பிடித்து மறு முனை வரைக்கும் போவதென்றால் மாதக்கணக்காகும், அதனால் ஆயிரக்கணக்கான இடத்தில் ஒரே சமயத்தில் ஆரம்பித்து எட்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. ஒரு பக்கம் நிற்காமல் ஓடும். இன்னொரு பக்கத்துக்குத் திசை எதிர்த் திசை, அதனால் துண்டு துண்டாகத்தான் எழுத வரும், ஒகசாகி துண்டுகள், பிறகு ஒட்டிக்கொள்ளும். எழுத்தைக் கோக்கிற நொதியே ஒவ்வொரு எழுத்துக்கும் திரும்பிப் பார்க்கும், தப்பாக வைத்திருந்தால் ஒரு எட்டு பின்னால் வந்து பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு வைக்கும். அதுவும் தவறவிட்டால் பின்னாலேயே இன்னொரு கூட்டம் சரிபார்த்துக்கொண்டு வரும். கடைசியில் நிற்பது நூறு கோடிக்கு ஒரு பிழை. இந்த இடத்தில் நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவேன். நீங்க உங்க ரெக்கார்ட் நோட்டுல ஒரு பக்கத்துக்கு நாலு தப்பு விடுறீங்க என்பேன். சிரிப்பார்கள். பத்தொன்பது ஆகஸ்ட், அதே இடத்தில் அதே வாக்கியம், அதே சிரிப்பு. அந்தப் பெண்ணுக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். வேண்டாம். இரண்டு பீரியடில் முடிக்கட்டும்.

"டீச்சரு, தூங்கிட்டீகளா?" பக்கத்து நாற்காலி பேச்சியம்மாள். உசிலம்பட்டிக்காரி, அறுபது வயசு இருக்கும், ஜாக்கெட் தைக்கிற அம்மாள். வயிற்றில் அறுவை முடிந்து இப்போது என்னைப்போலவே மருந்தேற்றிக்கொள்கிறாள். மொட்டைத் தலையில் ஈரிழைத் துண்டைச் சுற்றிக்கொண்டு சத்தமாகப் பேசுவாள், யாராவது அழுதால் அவர்களைப் பார்த்து இன்னும் சத்தமாகப் பேசுவாள். "தூங்கலம்மா." "இந்தத் தண்ணி உள்ள போயி என்னதான் பண்ணுது? டாக்டரைக் கேட்டா இங்கிலீசுல ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போயிருறாரு." நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாலு மாதமாக யாரும் என்னிடம் ஒரு பாடத்தைக் கேட்கவில்லை. உடம்பு நிமிஷத்துக்கு நிமிஷம் தன்னைத்தானே படியெடுத்துக்கொண்டிருக்கிறது என்று ஆரம்பித்தேன். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு நூல் இருக்கிறது, இரண்டு புரி நூல், அதில்தான் எல்லாம் எழுதியிருக்கிறது. செல் இரண்டாக வேண்டுமென்றால் முதலில் புரியைப் பிரித்து, ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதிக்கொள்ள வேண்டும். கட்டிக்குள் இருக்கிற செல் ஓயாமல் இதையே செய்துகொண்டிருக்கிறது. ரெண்டாவதாக ஏற்றுகிறார்களே அந்த மருந்து போய் இரண்டு புரியையும் சேர்த்துப் பிணைத்துவிடும், பிரிக்க வராது, பிரிக்க வராவிட்டால் படியெடுக்க வராது, செத்துப்போகும். முடியின் வேரும் வயிற்றின் உள்தோலும் வேகவேகமாகப் படியெடுக்கிற இடங்கள், அதனால் அதற்கும் சேர்த்து அடி. "அதுதான் மண்டை இப்பிடி ஆச்சா" என்று துண்டைத் தடவிக்கொண்டாள். "எழுதுறதுல தப்பு வராதா டீச்சரு? மனுசன் நாலு வரி எழுதுனாலே தப்பு வருது." வராது, அதிலேயே சரிபார்க்கிற ஆள் இருக்கிறான் என்று நூறு கோடிக் கணக்கைச் சொன்னேன். அவள் அசரவில்லை. "எதப் பாத்துச் சரிபாப்பான்?" "பழைய புரியைப் பார்த்து." "அப்ப பழசே தப்பா இருந்தா? எங்கிட்ட ஒரு அம்மா இருந்தாக, போஸ்ட் மாஸ்டர் வீட்டம்மா. அளவு ஜாக்கெட்னு ஒண்ணு குடுத்தாக. அதவச்சுப் பதினோரு ஜாக்கெட் தச்சேன். பதினொண்ணும் எடது தோளு எறக்கம். நான் வெட்டுனதுல ஒரு நூலு பிசகல டீச்சரு, அந்த அளவு ஜாக்கெட்டே கோணல். அந்தம்மாவுக்குத் தோளு சரிவுபோலன்னு நானா நெனச்சுக்கிட்டேன். கேக்க வேண்டாமா? கேக்கல." சிரித்தாள். பிறகு இருமல் வந்து கனகா சிஸ்டர் தண்ணீர் கொண்டுவந்தாள்.

பதினோரு ஜாக்கெட். பத்தொன்பது வருஷத்தில் ஒரு பிள்ளைகூட அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. சரிபார்க்கிற நொதிக்குத் தாய் இழைதான் உண்மை, அதற்கு மேல் போய்க் கேட்க அதற்கு இடமே இல்லை. அம்மாவின் கருமுட்டையில் அந்த இரண்டு எழுத்து இல்லை. அந்த ஒரு செல் இரண்டானபோது இரண்டிலும் இல்லை, நாலானபோது நாலிலும் இல்லை. நான் பிறந்து, தவழ்ந்து, பூப்பெய்தி, பி.எட். முடித்து, ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கான தடவை ஒரு பிசகும் இல்லாமல் அந்த இல்லாமையைப் படியெடுத்து வந்திருக்கிறேன், கவனக்குறைவால் அல்ல, அவ்வளவு கவனத்தால். அதிலும் அது எந்த மரபணு? நூல் அறுந்தால் முடிச்சுப் போட வருகிற ஆளைச் செய்கிற மரபணு. அவனுக்கான குறிப்பிலேயே இரண்டு எழுத்தைக் காணோம். அம்மாவுக்கும் அப்படித்தான். அம்மாவுக்கு அவள் பிறக்கும்போதே. இதை நான் மூன்று வாரமாகத் தெரிந்து வைத்திருக்கிறேன், ஆனால் இந்த நாற்காலியில் இப்போதுதான் அந்த வாக்கியம் முழுசாக வருகிறது: அம்மாவுக்கு அது அவள் பிறக்கும்போதே இருந்தது, லூர்து பிறப்பதற்கு இருபத்தாறு வருஷம் முன்னால். வெயில் காலுக்கு வந்துவிட்டது. பாதத்தை இழுத்துக்கொள்ள வேண்டும். மரத்த விரல்களில் சூடு தெரிய நேரமாகிறது.

அம்மா கடைசி நாலு வருஷம் சின்னமனூரில் லூர்து வீட்டில் இருந்தாள். மார்பில் கட்டி வந்து ஒன்பது மாதம் எனக்குத் தெரியாது. லூர்துக்குத் தெரியும். தெரிந்தும் டாக்டரிடம் காட்டாமல் ஊருக்கு வெளியே ஒரு எண்ணெய் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனாள், அவர் ஒரு பச்சை எண்ணெயைக் கொடுத்தார், அதைத் தடவித் தடவி ஒன்பது மாதம் ஓட்டினாள், நான் போய்ப் பார்த்தபோது ஈரல் வரைக்கும் போய்விட்டது. இப்படித்தான் சொல்வேன். இதே வரிசையில். இருதயராஜிடம் சொன்னேன், ஸ்டாஃப் ரூமில் சொன்னேன், வகுப்பில் புற்றுநோய் பாடத்தில் எனக்குத் தெரிந்த ஒருத்தர் வீட்டில் என்று பெயர் மாற்றிச் சொன்னேன். பச்சை எண்ணெய் என்கிற இடத்தில் குரலைத் தாழ்த்துவேன். ஈரல் வரைக்கும் என்று சொல்லி நிறுத்திவிடுவேன். அதற்குப் பிறகு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, இல்லை, அதற்குப் பிறகு அடக்கம். கோயில் வளாகத்தில் பெட்டி திறந்திருந்தது. லூர்து குனிந்து அம்மாவின் விரல்களில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள், விரல் மடங்கவில்லை, அவள் பொறுமையாக ஒவ்வொரு விரலாக நீவி நீவிச் சுற்றினாள். அந்தப் பொறுமையைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ கிளம்பியது. "நீதாண்டி அம்மாவைக் கொன்ன" என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை. வகுப்பின் கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்கிற என்னுடைய குரலில் சொன்னேன். சாமியார் ஜெபப் புத்தகத்தில் விரலை வைத்து மூடிக்கொண்டார். லூர்து நிமிரவில்லை, மாலையின் கடைசிச் சுற்றைச் சுற்றி, சிலுவையை மேலே தெரிகிற மாதிரி வைத்து, அம்மாவின் முந்தானையைச் சரிசெய்துவிட்டு விலகி நின்றாள். ஷைனி அவள் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள். அவ்வளவுதான். மண் போட்டதும் நாங்கள் திண்டுக்கல் பஸ் ஏறிவிட்டோம்.

அவில் இழுக்கிறது. கண் மூடினால் பச்சை எண்ணெய் வாசனை வருகிறது. வேப்பெண்ணெயும் கற்பூரமும் இன்னும் ஏதோ ஒன்றும். அந்த அறையில் அதுதான் வாசனை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு. மேலே ஃபேன் டக் டக் என்று. மடியில் என் மகன், ஐந்து மாதக் குழந்தை, எட்டு வருஷம் காத்திருந்து பெற்றவன். இந்த இடத்தில் எப்போதும் எனக்கு வேறு ஏதாவது ஞாபகம் வந்துவிடும், அடுப்பில் பால் வைத்தேனா, வினாத்தாள் திருத்தினேனா, இப்போது என்ன வைத்திருக்கிறேன், ஒன்றுமில்லை, கையில் ஊசி இருக்கிறது, எழுந்து போக முடியாது. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "லூர்தை ஒண்ணும் சொல்லிராத பிலோமி. நான்தான் அவகிட்ட சத்தியம் வாங்குனேன். நீ எட்டு வருசங்கழிச்சு உண்டாயிருந்த. இதக் கேட்டா நீ பஸ் ஏறிஏறி அலைவ, பிள்ளை தங்காது. பிள்ளை பொறக்கட்டும் அப்புறம் பெரியாஸ்பத்திரி போலாம்னு நான்தான் சொன்னேன். அவ அழுதுக்கிட்டேதான் கூட்டிட்டுப் போனா." கேட்டேன். நன்றாகக் கேட்டது. ம் என்றுகூடச் சொன்னேன். அதற்கு ஒன்பதாம் நாள் கோயில் வளாகத்தில் நின்று அதைச் சொன்னேன். தெரியாமல் சொல்லவில்லை. தெரிந்துதான் சொன்னேன். ஏனென்றால் லூர்து இல்லையென்றால் பிறகு நான். என் வயிறு. என் மடியில் தூங்குகிற அந்தக் குழந்தை. அந்தக் கணக்கு அந்த வெயிலில் எனக்குத் தாங்கவில்லை, யாராவது ஒருத்தர் தூக்கிக்கொள்ள வேண்டியிருந்தது, அவள் குனிந்துகொண்டிருந்தாள், முதுகு தெரிந்தது, அதில் வைத்துவிட்டேன். பிறகு எத்தனை பேரிடம் சொன்னேன், எத்தனை தடவை, ஒரு எழுத்துப் பிசகாமல்.

"டீச்சர், அடுத்தது மாத்துறேன், கையை ஆட்டாதீங்க." கனகா சிஸ்டர். மணி ஒன்றரை. காலியான பாட்டிலை எடுத்துவிட்டு, வெளிச்சம் படாமல் உறை போட்ட சின்னப் பையைத் தொங்கவிட்டாள். புரிகளைப் பிணைக்கிற மருந்து. "என்ன டீச்சர், அழுதீங்களா? வலிக்குதா?" "இல்ல சிஸ்டர்." நாலு மாதமாக வெள்ளை உடுப்புப் போட்டவர்களை எல்லாம் நாள் முழுக்க சிஸ்டர் சிஸ்டர் என்று கூப்பிடுகிறேன், இன்றைக்குத்தான் அந்தச் சொல் வாயில் கல்லாகக் கிடந்தது. "சிஸ்டர், வெளியில எங்க வீட்டுக்காரர் இருப்பார். என் போனைக் கொண்டு வரச் சொல்லுங்க." உள்ளே ஆட்களை விடமாட்டார்கள், ஆனாலும் விட்டாள். இருதயராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வந்தார். நம்பரை அவர் எப்போதோ என் சித்தப்பா மகனிடம் வாங்கி என் போனில் போட்டு வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அது எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். "நான் பேசட்டுமா பிலோமி? பக்குவமாச் சொல்றேன்." "வேண்டாம்ங்க. நீங்க வெளிய இருங்க." அவர் என் பாதத்தைப் போர்வையால் மூடிவிட்டுப் போனார். பேச்சியம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள், அல்லது தூங்குவதுபோல இருந்தாள். விரல் மரத்திருந்ததால் முதல் தடவை வேறு யாருக்கோ போய்விட்டது, தப்பான நம்பர் என்று வைத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். மணி அடித்தது. எடுக்காமல் இருக்க வேண்டும் என்று ஒரு மனம், நாலு, ஐந்து. எடுத்தாள்.

"யாரு?" குக்கர் சத்தம் கேட்டது. "நான்தான் லூர்து." குக்கர் ஒரு விசில் விட்டது. "அக்கா." என்னைக் கூப்பிட்டாளா, நான் யாரென்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை. "சொல்லு" என்றாள். எனக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் பாடத்தில் ஆரம்பித்துவிட்டேன். எனக்கு வந்திருக்கிறது, ஏப்ரலில் கட்டியை எடுத்தார்கள், இப்போது மருந்தேற்றுகிறார்கள், ரத்தத்தில் பார்த்தார்கள், ஒரு மரபணுவில் இரண்டு எழுத்து இல்லை, அது அம்மாவிடமிருந்து வந்தது, உனக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி, உனக்கு இருந்தால் ஷைனிக்கும் பாதிக்குப் பாதி, ஒரு ரத்தப் பரிசோதனைதான், இருக்கிறது என்று தெரிந்தால் வருமுன்னே பார்த்துக்கொள்ளலாம். மூச்சு விடாமல் சொன்னேன். அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அம்மாவுக்கு அது எப்பருந்து இருந்துச்சு?" "பொறக்கும்போதே." "பொறக்கும்போதேயா?" "ஆமா." "அந்த எண்ணெயால வரல." "எண்ணெயால வரல லூர்து. எண்ணெய்க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல." அவள் மூச்சு மட்டும் கேட்டது. "நான் அந்த வைத்தியர் வீட்டுத் தெரு வழியா இன்னிக்கு வரைக்கும் போறதில்லக்கா. மார்க்கெட்டுக்குச் சுத்தித்தான் போவேன். நீ சொன்னது சரிதான்னு நெனச்சுக்கிட்டேன். நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா இருந்திருப்பா, நான்தான் கொன்னேன்னு." அவள் கோபமாக இருப்பாள், கத்துவாள், வைத்துவிடுவாள், இதற்கெல்லாம் நான் தயாராக இருந்தேன். அவள் நம்பியிருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "அக்கா, ஒண்ணு கேக்குறேன், உள்ளதைச் சொல்லு. அப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தா பொழைச்சிருப்பாளா?" இதற்கு ஒரு பதில் இருக்கிறது. ஒன்பது மாதம் என்பது ஒன்பது மாதம்தான், பாடப் புத்தகத்தில் இருக்கிற பதில், நான் பன்னிரண்டு வருஷம் சொன்ன பதில். இன்னொரு பதில், பிழைத்திருக்கவே மாட்டாள் என்பது, அது அவளுக்கு இதமாக இருக்கும், அதுவும் எனக்குத் தெரிந்த விஷயம் இல்லை. காலையில் சொன்ன பொய்கள் போதும். "தெரியாது லூர்து. உண்மையிலேயே யாருக்கும் தெரியாது." அவள் ம் என்றாள்.

"லூர்து, அன்னிக்கு நான்" என்று ஆரம்பித்தேன். "அதப் பேசாத" என்றாள். "இப்ப அதப் பேசாதக்கா. எனக்குத் தாங்காது." "சரி." "ஷைனிய அவுக அப்பாவோட அனுப்பி வைக்கிறேன். நான் வருவனான்னு தெரியாது." "நீயும் பரிசோதிக்கணும் லூர்து. முதல்ல உனக்குத்தான் பாக்கணும்." "தெரியுது. வருவனான்னு தெரியாதுன்னுதான சொன்னேன், வரமாட்டேன்னு சொல்லலையே." போன் எங்கேயோ உரசியது, யாரோ உள்ளே வந்து என்னம்மா, என்னாச்சும்மா, யாரு போன்ல என்று கேட்பது தூரத்தில் கேட்டது, லூர்து ஏதோ சொன்னாள், வார்த்தை உடைந்திருந்தது. நான் பையைப் பார்த்தேன், பாதி இறங்கியிருந்தது. வைத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஹலோ? யாருங்க? எங்கம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

குரல் எனக்குத் தெரியாத குரல். முழுப் பெண்ணின் குரல், கோபமான குரல். அந்தச் சேலைக்குப் பின்னாலிருந்த ஒரு கண்தான் எனக்குத் தெரியும்.

"ஷைனி, நான் திண்டுக்கல் பெரியம்மா."

அவள் வைக்கவில்லை. ஏழு வயசுப் பிள்ளைக்கு எல்லாம் கேட்டிருக்கும், எல்லாம் ஞாபகமிருக்கும், அது இவ்வளவு நாளும் அங்கே அப்படியே இருந்திருக்கும். மரபணு, ரத்தப் பரிசோதனை, ஐம்பது சதவீதம் எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன. தள்ளினேன்.

"உங்கிட்ட ரெண்டு விஷயம் சொல்லணும். ரெண்டாவது விஷயம் டாக்டர் சம்பந்தப்பட்டது, அதை நிதானமா விளக்கிச் சொல்றேன். மொதல்ல இது. உங்க ஆச்சி அடக்கத்தன்னிக்கு உங்க அம்மாவப் பார்த்து நான் ஒரு வார்த்தை சொன்னேன். நீ அங்க நின்ன. அது பொய். உங்க ஆச்சிதான் உங்க அம்மாகிட்ட யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தா. எனக்கு அது அன்னிக்கே தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

பக்கத்து நாற்காலியில் பேச்சியம்மாள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், மறுபடி மூடிக்கொண்டாள். போனில் கதவைச் சாத்துகிற சத்தம், நாற்காலியை இழுக்கிற சத்தம்.

"உக்காந்துட்டேன்" என்றாள் ஷைனி. "ரெண்டாவது என்ன பெரியம்மா?"